பெயர் மறைந்த பிரதம சிற்பி

1961-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 12-ந் தேதி யூரி ககாரின் என்னும் இருபத்தேழு வயது வாலிபர் பூமியை ஒருமுறை வலம்வந்து இறங்கினார். சில நாழிகைக்குள் அவர் பெயர் உலகெங்கும் பரவிற்று. ஆயினும் அவரை ஏற்றிச்சென்ற கலத்தைச் சமைத்தவர் யாவர் என்று வினவினோர்க்கு மாஸ்கோ நகரிலிருந்து கிடைத்த விடை பிரதம சிற்பி என்னும் பதவிப் பெயர் ஒன்றே. அப்பதவியிலிருந்தவர் தம் அரும்பெருஞ் செயல்களோடு தம் பெயர் சேர்ந்து அச்சேறக் காணாமலே, ஐந்தாண்டு கழியுமுன் மாண்டார். மாண்டபின்னரே செய்தித்தாள்கள் அவர் பெயரையும் உருவப் படத்தையும் வெளியிட்டன. அவரே ஸெர்கெய் பாவ்லவிச் கொரொலெவ். விண்வெளிக்கு மனிதனை அனுப்புதல் கூடுமோ, கூடுமாயின் எவ்வளவு பொருளுக்கு, எவ்வளவு அபாயத்திற்கு என்னும் வினாக்கள் மாணவர் விவாதங்களில் அடிக்கடி எழுகின்றன. அவற்றிற்கு விடை தேடப் புகுவோர்க்கு இவர் வாழ்க்கையைப் போலப் பயன்படுவது பிறிதொன்றில்லை என்பது நம் எண்ணமாதலின், அதனை ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

ருஷ்யப் பேரரசுக்குட்பட்டிருந்த உக்ரெயின் நாட்டில் ஷித்தோமிர் என்னும் ஊரில் 1907-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி இவர் பிறந்தார். தந்தையார் ருஷ்ய இலக்கியம் கற்பிக்கும் உபாத்தியாயர். பிள்ளை சிறு குழந்தையாயிருந்தபோதே பெற்றோர் மனம் வேறுபட்டுப் பிரிந்தனர். தந்தை இறந்துவிட்டார் என்றே பிள்ளைக்குச் சொல்லப்பட்டது. நேஷின் என்னும் ஊரில் தாய்வழிப் பாட்டனார் வீட்டில் தோழரின்றித் தனியே வளர்ந்தார். அங்கே ஒரு நாள் ஆகாயவிமானம் ஒன்று காட்சிக்கு வர, பாட்டனார் தோளின்மீதிருந்து அதனைக் கண்ட சிறுவர்க்கு அந்நினைவு ஆயுள் முழுதும் நீங்கவில்லை என்பர். பின்னர்த் தாயார் ஓர் எஞ்சினீயரை மணந்துகொள்ளவே, குடும்பம் ஒதெஸ்ஸா துறைமுகத்திற் குடியேறியது. புரட்சியும் உள்நாட்டுப் போரும் பஞ்சமும் அந்நகரை அலைக்கழித்த காலம் அது. கட்டடத் தொழிற் பள்ளியிற் சேர்ந்து தச்சு முதலிய வேலைகளைக் கற்றார். ஓய்ந்த வேளையெல்லாம் கடல் விமானப் படையார் கூடாரத்தைச் சுற்றித் திரிந்தார். எஞ்சின் இல்லாமற் காற்றில் மிதக்கும் சறுக்கு விமானம் ஒன்றிற்குத் தாமே படம் வரைந்தார். 1924-ல் கீவ் நகரத்துக் கலாசாலையிலும், 1926-ல் மாஸ்கோ உயர்தரத் தொழிற் கல்லூரியிலும் பயின்றார். புகழ்பெற்ற விமானச் சிற்பி துப்பலெவ் இவர்க்கு ஆசிரியராய் வாய்த்தார். இளமையிற் கையால் மரமிழைத்த பழக்கம் பிற்காலத்தில் இவர்க்குப் பெரிதும் உதவிற்று என்று நாம் கருதுகின்றோம். ஏட்டிற் கணக்குச் சரியாயிருப்பதும், பட்டறையிற் பொருள் சரியாயிருப்பதும் வேறு வேறு என்பதை இவர் என்றும் மறந்தாரல்லர்.

காலூகா நகரத்துக் காது கேளாத உபாத்தியாயராகிய ஸியால்கோவ்ஸ்கி என்பார், ராக்கெட்டு என்னும் வாணத்தின் கணக்கை 1903-லேயே அச்சிட்டிருந்தார். அக்கணக்கின் பொருள் இது: பூமியைச் சுற்றவேண்டிய பொருள் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 8 கிலோமீட்டர் வேகம் அடைதல் வேண்டும், அவ்வேகம் பெற, புறப்படும் எடையிற் பத்தில் ஒன்பது பங்குக்குமேல் எரிபொருளாகவே தீர்ந்துவிடும். மனிதனுக்கும், அவன் உயிர்காக்கும் கருவிக்கும், அவன் திரும்பிவரும் வழிக்கும் மிஞ்சுவது அற்பமே. விண்வெளி யாத்திரையின் செலவும் அபாயமும் இவ்வொரு கணக்கிலிருந்தே பிறக்கின்றன. ஒவ்வொரு சேர் எடையும் பொன்னினும் அரிதாதலின், பாதுகாப்புக்கென ஒரு கருவி சேர்க்கவேண்டுமாயின், வேறொன்றை இறக்கியே தீரவேண்டும்.

1931-ல் த்ஸாண்டர் என்னும் அறிஞரோடு சேர்ந்து, மாஸ்கோவில் ஒரு வீட்டின் நிலவறையில் ராக்கெட்டுச் சங்கம் ஒன்றைக் கொரொலெவ் நடத்தலானார். அச்சங்கப் பெயரின் முதலெழுத்துக்களுக்குக் கூலியின்றி உழைக்கும் எஞ்சினீயர் கூட்டம் என்று அதன் அங்கத்தினரே வேடிக்கையாகப் பொருள் கூறிக்கொண்டனர். 1933-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 17-ந் தேதி அவர்கள் செய்த ராக்கெட்டு 400 மீட்டர் உயரஞ் சென்று வீழ்ந்தது. நம்மூர்க் கோபுரங்களைவிட ஐந்தாறு மடங்கு உயரமே எனினும், அவர்கட்கு அது பேருவகை தந்தது. த்ஸாண்டர் அதனைக் காணவில்லை. சில மாதங்கட்குமுன் அவர் காய்ச்சலால் இறந்துபோனார்.

அதற்குப் பின் நிகழ்ந்தது கொடுமை. ஸ்டாலின் ஆட்சியிற் பெருஞ் சந்தேகப்புயல் வீசியபோது ராக்கெட்டு ஆராய்ச்சி நிலையத்தின் தலைவரும் துணைவரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1938-ம் ஆண்டு ஜூன் 27-ந் தேதி கொரொலெவும் சிறைப்பட்டார். வேலையைக் கெடுத்தவரென்று பொய்க்குற்றம் சாட்டி, அடித்து ஒப்புதல் வாங்கிப் பத்தாண்டுத் தண்டனை விதித்தனர். சைபீரியாவின் கீழ்க்கோடியிலுள்ள கொலிமா பிரதேசத்துத் தங்கச் சுரங்கத்திற்கு இவரை அனுப்பினர். பனியும் பட்டினியும் உடம்பைத் தின்றன. பல் ஈறு அழுகும் நோயாற் பற்கள் உதிர்ந்தன. தாயார் விடாது விண்ணப்பித்ததனாலும், பெயர்பெற்ற விமானிகள் சிலர் பரிந்து பேசியதனாலும் வழக்கு மறுவிசாரணைக்கு வர, இவர் மாஸ்கோவிற்கு மீட்கப்பட்டார். எனினும் விடுதலை கிட்டவில்லை. கைதிகளான எஞ்சினீயர்களைக் கொண்டு விமானம் செய்விக்கும் சிறைப்பட்டறையில் அடைக்கப்பட்டார். அங்கே இவர்க்கு மேலாளராயிருந்தவரும் ஒரு கைதியே. அவர் பழைய ஆசிரியர் துப்பலெவ்! 1944-ல் விடுதலை கிடைத்தது. குற்றமற்றவரென்று சர்க்கார் ஒப்புக்கொண்டது 1957-லேதான்.

நிற்க. 1945-ல் தோல்வியுற்ற ஜெர்மனிக்குச் சென்று, அந்நாட்டார் லண்டன்மீது ஏவிய ராக்கெட்டுகளை ஆராய்ந்துவரக் கொரொலெவ் பணிக்கப்பட்டார். 1946-ல் மாஸ்கோவிற்கருகே ஒரு தொழிற்சாலையிற் பிரதம சிற்பியானார். ஈண்டு நாம் ஒன்றனை ஒளியாது கூறல்வேண்டும். சர்க்கார் இவர்க்குப் பொருளை வாரி வழங்கியது சந்திரனை அடைதற்கன்று. ஹைட்ரஜன் குண்டை அமெரிக்காவரை எறிதற்கே. அக்குண்டு பல டன் எடையிருக்குமென மதித்தபடியால், அதற்கேற்ற பேருருவான ராக்கெட்டு ஒன்று வேண்டியதாயிற்று. அதுவே ஏழாம் எண் ராக்கெட்டு. நடுவில் ஒரு தூணும் சுற்றிலும் நான்கு தூண்களுமாக ஐந்து பகுதிகள். அவை ஐந்தும் நிலத்திலேயே ஒருங்கே மூட்டப்படும். வானத்தின் நடுவே எஞ்சினை மூட்டுவது உறுதியில்லாத அக்காலத்தில் எளிய, ஆனால் நம்பத்தக்க உபாயம் அது. பலமுறை தவறிப் பின்னர் 1957-ம் ஆண்டு ஆகஸ்டு 21-ந் தேதி அது குறித்த தொலைவு சென்றது. ஆறு வாரங்கழித்து, அக்டோபர் 4-ந் தேதி, 83.6 கிலோகிராம் எடையுள்ள செயற்கைச் சந்திரனை அதே ராக்கெட்டு வானிற் செலுத்திற்று. உலகம் வியந்தது. ஆயின் அச்சந்திரனின் உண்மை விலையைக் கணக்கிட்டார் எவருமிலர். ஏனெனில் ராக்கெட்டுக்குரிய பணம் முழுதும் முன்னரே ஆயுதக் கணக்கில் எழுதப்பட்டிருந்தது. கொரொலெவின் விண்வெளிக் கனவு இராணுவத்தின் தோளிலேறிப் பிரயாணஞ் செய்தது. அத்தோள் விலகியபோது நேர்ந்ததைப் பின்னர்க் காண்போம்.

அவ்வாண்டு நவம்பர் 3-ந் தேதி லைகா என்னும் நாயை அனுப்பினர். அதனைத் திரும்பக் கொணரும் வழி அக்கலத்தில் இல்லை. வெப்பம் மிகுந்து சில மணி நேரத்திற்குள் அது மாண்டது. பல நாள் உயிரோடிருந்ததென்ற பழங்கதையை ருஷ்ய அறிஞரே 2002-ல் மறுத்துரைத்தனர்.

மனிதனை அனுப்பும் கலத்திற்கு வஸ்தோக் என்று பெயர். எடை 4.7 டன், அதனை ஏற்றும் ராக்கெட்டோ ஏறத்தாழ 280 டன். மனிதனுக்குமுன் நாய்களை வைத்து நடத்திய பரிசோதனைகளின் பயனை நம் மாணவர் நன்கு கவனித்தல் வேண்டும். 1960-ம் ஆண்டு மே மாதம் சென்ற முதற்கலம், திரும்ப மூட்டிய எஞ்சின் தவறான திசை நோக்கியிருந்தமையாற் கீழே வருவதற்குப் பதில் மேலே போய்விட்டது. ஜூலை மாதம் ராக்கெட்டு சிதைந்து இரண்டு நாய்கள் மாண்டன. அவற்றுள் லிஸிச்கா என்பது கொரொலெவின் செல்ல நாய். ஆகஸ்டில் பெல்காவும் ஸ்த்ரெல்காவும் நலமே திரும்பின. டிசம்பர் முதல் தேதி சென்ற கலம் வழி பிசகவே, அயல்நாட்டார் கையிற் சிக்காதவாறு தானே வெடித்தழியும்படி அமைத்திருந்த பொறியால் நாய்களுடன் அழிந்தது. அதே மாதம் 22-ந் தேதி இன்னொரு ராக்கெட்டு பாதிவழியிற் சோர்ந்தது. கலம் சைபீரியப் பனியில் விழ, நாய்கள் மட்டும் எவ்வாறோ பிழைத்தன. ஐந்தில் வென்றது ஒன்றே! இத்தகைய கணக்கைக் கண்டபின்னும் மனிதனை ஏற்றத் துணிதல் எங்ஙனம்? கொரொலெவ் ஒரு விதி வகுத்தார்: மனிதன் ஏறப்போகும் அதே வடிவிலான கலம் ஆளின்றித் தொடர்ந்து இருமுறை வெற்றியாகத் திரும்பினாலன்றி ஒருவரையும் ஏற்றலாகாது. 1961 மார்ச் 9-லும் 25-லும் ஒரு நாயும் ஒரு பொம்மை மனிதனுமாகச் சென்ற கலங்கள் இரண்டும் செவ்வையாக வந்துசேர்ந்தன.

அவ்விரண்டிற்கும் இடையே, மார்ச் 23-ந் தேதி, விண்வெளி வீரருள் யாவரினும் இளையவரான இருபத்துநான்கு வயதுடைய பொந்தரென்கோ என்பவர், பிராணவாயு செறிந்த பயிற்சி அறையில் தீப்பிடித்து மாண்டார். உடம்பிற் கருவி ஒட்டியிருந்த இடத்தைத் துடைத்த சாராயப் பஞ்சு சூடான தட்டின்மேல் விழுந்ததே காரணம். இச்செய்தி 1986 வரை மறைக்கப்பட்டிருந்தது. 1967-ம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்கர் மூவர் நிலத்திலேயே, பிராணவாயு நிறைந்த கலத்தினுள் வெந்து இறந்தனர். முந்திய செய்தி வெளிவந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பரோ என்று வினவுவோர் உளர். மறைத்தலும் ஒரு செலவே; அதனை அயலார் கொடுக்க நேர்ந்தது போலும்.

ககாரின் ஏறிய கலத்தைத் தரைக்குத் திருப்பும் எஞ்சின் ஒன்றே, மாற்று இல்லை. அது பழுதானால் கலம் தானே காற்றுராய்ந்து பத்து நாளில் இறங்குமாறு தாழ்ந்த பாதை வகுத்து, பத்து நாளைக்கு உணவும் வைத்திருந்தார் கொரொலெவ். ஆனால் அன்று ராக்கெட்டின் எஞ்சின் குறித்த நேரத்தில் அணையாமையால் கலம் கருதியதினும் உயர்ந்து 327 கிலோமீட்டர் வரை சென்றது. எஞ்சின் ஏமாற்றியிருந்தால் பத்து நாள் உணவு போதியிராது. நல்வினையாக அது வேலை செய்தது. எனினும் கலத்தின் பின்பகுதி ஒரு கம்பிக்கட்டால் தொங்கிக்கொண்டே வர, உள்ளிருந்தவர் சுழன்றவாறே தீச்சுவாலையினூடே இறங்கினார். ஏழு கிலோமீட்டர் உயரத்தில் வெளியே எறியப்பட்டுத் தனியே பாரச்சூட்டின் துணையால் தரை சேர்ந்தார். ஆக 108 நிமிஷம். இத்தனை ஐயங்களுக்கிடையே நிலத்தில் நின்றிருந்த கொரொலெவ் அப்பொழுதே இருதய நோயாளி.

வெற்றி கிடைத்தபின் விதி தளர்ந்தது. அமெரிக்கர் இருவர் அமரும் கலம் ஒன்றைச் சமைக்கின்றனர் என்று கேட்டு, அவர்கட்குமுன் மூவரை அனுப்புக என்று ருஷ்யத் தலைவர்கள் விரும்பினர். புதிய கலம் ஆக்கக் காலமில்லை. ஒருவருக்கென அளந்த பழைய உருண்டைக்குள்ளேயே மூவரை நெருக்கி வைத்தார் கொரொலெவ். இடம் போதாமையால் வெளியே எறியும் ஆசனத்தை நீக்கினார். அதனினும் கொடிது, காற்றுக் கசிவிலிருந்து காக்கும் கவச உடையையும் நீக்கினார். 1964-ம் ஆண்டு அக்டோபர் 12-ந் தேதி மூவர் சாதாரண உடையோடு ஏறி, மறுநாள் சுகமாய் மீண்டனர். அம்மூவருள் ஒருவரான பெயக்திஸ்தவ் அக்கலத்தை வரைந்த எஞ்சினீயர்களுள் ஒருவர் என்பது குறிக்கத்தக்கது. அபாயத்தைத் தாம் அறிந்தே ஏற்றார். அடுத்த ஆண்டு மார்ச் 18-ந் தேதி லியோனவ் கலத்தைவிட்டு வெளியேறி வெற்றிடத்திற் பன்னிரண்டு நிமிஷம் மிதந்தார். உடை உப்பிவிட்டபடியால் உள்ளே நுழைய இயலாது தவித்து, உடையினுள்ளிருந்த காற்றைக் குறைத்துக்கொண்டு தலைமுன்னாக நுழைந்தார். இறங்கும்போது தானியங்கிக் கருவி பழுதுபட, ஊரல் மலைச்சாரற் காட்டில் விழுந்து, அவரும் துணைவரும் பனியில் இரண்டு இரவு கழித்தனர். இவையெல்லாம் உலகப் பத்திரிகைகளில் ருஷ்யாவின் வல்லமைக்குச் சான்றாகவே வெளிவந்தன. கொரொலெவை வழிபடுவோர் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுகின்றனர். நாம் அங்ஙனஞ் செய்ய விரும்பவில்லை. இரண்டு வெற்றிக்குப் பின்னரே மனிதன் என்று விதி வகுத்தவரும் இவரே. கவச உடையின்றி மூவரை ஏற்றியவரும் இவரே. மறுத்திருந்தால் வேலை வேறொருவர் கைக்குப் போயிருக்கும் என்பது உண்மையே. எனினும் பிழைத்தது திறத்தாலோ, நற்பேற்றாலோ என்று அவர் தம் உள்ளத்தைக் கேட்டிராமலிரார்.

இனிச் சந்திரனுக்கு வருவோம். அமெரிக்க ஜனாதிபதி கென்னடி 1961-ம் ஆண்டு மே மாதத்திலேயே சந்திர யாத்திரைக்கு நாள் குறித்தார். ருஷ்ய சர்க்கார் அதற்கு உத்தரவிட்டது 1964-ம் ஆண்டு ஆகஸ்டிலேதான். அமெரிக்கர் 1973 வரை செலவிட்டதாகக் காட்டிய தொகை 2,540 கோடி டாலர். 1966-ல் அந்நாட்டு மத்திய சர்க்காரின் செலவில் நூற்றுக்கு நான்கு பங்குக்கு மேல் விண்வெளிக்கே போயிற்று. கொரொலெவின் சந்திர ராக்கெட்டோ எந்தக் குண்டையும் சுமப்பதற்கு வேண்டப்பட்டதன்று. ஆகவே இராணுவத்தார் கையை இறுக்கிக்கொண்டனர். எஞ்சின் செய்யும் பெருந்தலைவர் குளூஷ்கோ நஞ்சான எரிபொருளையே பயன்படுத்தவேண்டுமென்றார். மனிதர் ஏறும் கலத்திற்கு அது தகாதென்று கொரொலெவ் மறுத்தார். இருவரும் பிரிந்தனர். விமான எஞ்சின் செய்துவந்த குஸ்னெத்ஸவ் சிறிய எஞ்சின்களே தரவல்லவராயிருந்தமையின், முதல் அடுக்கில் முப்பது எஞ்சின்களைக் கூட்டவேண்டியதாயிற்று. அமெரிக்க ராக்கெட்டின் முதல் அடுக்கிலோ ஐந்தே.

முப்பதையும் ஒருங்கே தரையில் மூட்டிப் பார்ப்பதற்குரிய பெருமேடை கட்டப்படவில்லை. பணமும் காலமும் இல்லை. மேலும் அவ்வெஞ்சின்கள் ஒருமுறை மூட்டினால் மீண்டும் உதவா. ஆதலால் ஆறில் இரண்டை மூட்டிப்பார்த்து, மற்ற நான்கும் நல்லனவென்று நம்பிப் பொருத்தினர். அரிசி பதம் பார்ப்பது போன்ற இச்சோதனை சோற்றுக்குப் போதும். முப்பதில் ஒன்று வெடித்தால் முழுதும் கெடும் பொறிக்குப் போதுமோ? மேடைக்குச் செலவிடாத பணம் எங்கும் மிச்சமாகவில்லை. அபாயமாக மாறி ராக்கெட்டின் அடியிற் சென்று தங்கிற்று. 1969 பிப்ரவரி முதல் 1972 நவம்பர் வரை நான்குமுறை ஏவினர். நான்கும் முதல் அடுக்கு எரியும்போதே அழிந்தன. இரண்டாவது ராக்கெட்டு 1969 ஜூலை 3-ந் தேதி ஏவிய மேடைமீதே திரும்ப வீழ்ந்து அதனைத் தரைமட்டமாக்கிற்று. பதினேழு நாள் கழித்து அமெரிக்கர் சந்திரனில் இறங்கினர். நற்காலமாக அந்நான்கிலும் மனிதர் ஏறியிருக்கவில்லை.

இவை நிகழ்ந்தபோது கொரொலெவ் உயிரோடில்லை. 1966 ஜனவரியில் மாஸ்கோ ஆஸ்பத்திரி ஒன்றில் எளிதென்று எண்ணிய ஒரு சத்திரசிகிச்சைக்குச் சென்றார். கத்தி வைத்தவர் சுகாதார மந்திரியே. உள்ளே எதிர்பாராத பெருங்கட்டி இருந்தது. இரத்தம் நில்லாது பெருகிற்று. மூச்சுக்குழாய் செலுத்த முயன்றபோது, சிறையில் உடைபட்ட தாடை நன்கு திறவாமையால் இடர்ப்பட்டனர் என்று கூறுவர். ஐம்பத்தொன்பதாம் பிறந்தநாளுக்கு மறுநாளின் மறுநாள், 14-ந் தேதி, உயிர் நீத்தார். யாருடைய ஆட்சி அவரை அடித்ததோ அவ்வாட்சியே அவர் சாம்பலைக் கிரெம்ளின் மதிலிற் பதித்துப் பெருமை செய்தது.

அவர் தொடங்கிவைத்த சோயுஸ் என்னும் புதிய கலம் பின்வந்தோர் கையில் அவசரமாக முடிக்கப்பட்டது. 1967 ஏப்ரல் 24-ந் தேதி அதன் முதல் யாத்திரையில், பாரச்சூட்டு விரியாமையாற் கொமரோவ் தரையில் மோதி மாண்டார். 1971 ஜூன் 30-ந் தேதி அதே வகைக் கலத்தில், இருபது நாளுக்குமேல் வானில் வாழ்ந்து திரும்பிய மூவர், இறங்கும் வழியில் காற்றுத் துளை ஒன்று திறந்துகொள்ளவே மூச்சிழந்தனர். கலம் குறித்தவாறே மெல்ல இறங்கிற்று. கதவைத் திறந்தவர்கள் ஆசனங்களிற் பிணங்களையே கண்டனர். மூவரும் கவச உடையின்றியே ஏறியிருந்தனர். 1964-ல் இடம் போதாதென்று நீக்கியது போன்ற உடை இக்கலத்திலும் இல்லை. அதன்பின் ஓர் ஆசனத்தை எடுத்துவிட்டு, இருவர்க்கு மட்டும் உடையும் காற்றும் கொடுத்து, ஏறத்தாழ ஒன்பதாண்டு அங்ஙனமே அனுப்பினர். கருவிகள் இலேசானபின் 1980-ல் மூன்றாவது ஆசனம் மீண்டும் வந்தது.

1984-ம் ஆண்டு ஏப்ரல் 3-ந் தேதி நம் நாட்டு ராகேஷ் சர்மா ருஷ்யர் இருவரோடு அவ்வகைக் கலத்திலேயே ஏறினார். அவரைத் தூக்கிச் சென்றது கொரொலெவின் ஏழாம் எண் ராக்கெட்டின் வழித்தோன்றலே; நடுவில் ஒரு தூண், சுற்றிலும் நான்கு. மூவரும் கவச உடை அணிந்திருந்தனர்.